ரிப்பன் வெட்டாத ஐஸ் பெட்டி

இந்த ஜூலையில் சட்டையில் புதிதாகச் சின்னம் குத்திக்கொண்ட ஒன்பது பேருக்கும் வணக்கம். உங்கள் கையில் ஒரு கையேடு கொடுத்திருப்பார்கள். மேடையில் யார் எங்கே உட்கார வேண்டும், கூட்டத்தைத் தொடங்க மணியை எத்தனை முறை அடிக்க வேண்டும், வெளிநாட்டு விருந்தினருக்குப் பொன்னாடையை எந்தப் பக்கத்திலிருந்து போர்த்த வேண்டும் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. விழாவுக்கு முன்பே வேலை வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு பக்கத்தை நான் எழுதித் தருகிறேன்.

நான் தபால் துறையில் இருந்தவன். தினமும் காலையில் என் முதல் வேலை முத்திரையில் தேதியை மாற்றுவது. ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. கல்யாணத்துக்குப் போனால் தாலி ஏறிய நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன். "ஒங்களுக்குச் சாப்பாட்டவிட கடிகாரந்தான் ருசி" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவன் இந்தச் சம்பவத்தின் ஆண்டைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மேலகரத்துக்கும் வடகரைக்கும் நடுவில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டில்லாமல் எழுதுவது எனக்குப் பொத்தான் போடாமல் தெருவில் போவது மாதிரி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நம் சேவைச் சங்கக் கிளையின் தலைவராக இருந்த வருடம் அது. டென்மார்க்கில் நமக்கு ஒரு சகோதரக் கிளை உண்டு. அவர்களும் நாமும் சேர்ந்து ஓர் ஐஸ் பெட்டி வாங்கினோம். இறந்தவரின் உடலை, தூரத்துப் பிள்ளைகள் வந்து சேரும்வரை வைத்திருக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி. நம் பக்கத்தில் ராணுவத்திலோ, போலீசிலோ, வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெரு கிடையாது. அதனால் திட்டம் நல்ல திட்டம். திறப்பு விழா ஜூன் கடைசி ஞாயிறு காலை பதினொரு மணிக்கு என்று முடிவாயிற்று. ஏன் அந்த நாள் என்றால், முப்பதாம் தேதியோடு என் பதவி முடிகிறது. பெட்டியில் பதிக்கும் பித்தளைத் தகட்டில் என் பெயரும் வர வேண்டும். வேறு காரணம் எதையும் நான் இப்போது கண்டுபிடிக்கப்போவதில்லை.

விழாக் குழுத் தலைவர் சண்முகவேல். மேலகரத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். பெட்டியும் அவர் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில்தான் இருந்தது. பொருளாளர் காதர் மைதீன், செங்கோட்டையில் மர வியாபாரம். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்தோம்.

"நன்றியுரையில என்னத்தவே சொல்லுதது?" என்றார் சண்முகவேல். "எப்பவும் 'பொதுமக்கள் இதைப் பெருமளவில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்'னுதான முடிப்போம். இதுக்கு அப்படிச் சொன்னா அடிக்க வருவானுவ."

"சிக்கனமாப் பயன்படுத்துங்கன்னு சொல்லும்" என்றார் காதர்.

"யாருக்கும் தேவைப்படாம இருக்கட்டும்னு சொன்னா?"

"அப்ப எதுக்கு வாங்குனீங்கன்னு டென்மார்க்காரர் கேப்பாரு."

இப்படிப் பேசியே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. கடைசியில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். முந்தைய வருடம் ஒரு பள்ளியில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி திறந்து வைத்தோம். அந்த நிரலை அப்படியே எடுத்து, 'குடிநீர்க் கருவி' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'ஐஸ் பெட்டி' என்று மாற்றி அச்சுக்குக் கொடுத்தேன். ஆங்கிலத்திலும் ஒன்று தயாரித்து டென்மார்க்குக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன்.

நம் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். எதைக் கொடுத்தாலும் சிறப்பு விருந்தினர் அதை முதலில் தாமே பயன்படுத்திக் காட்ட வேண்டும். தையல் எந்திரம் என்றால் இரண்டு தையல் போடுவார். குடிநீர் என்றால் முதல் தம்ளர் அவருக்கு. நிரலின் ஏழாவது வரி இதுதான்: 'சிறப்பு விருந்தினர் முதல் பயனாளியாகத் தாமே பயன்படுத்தித் தொடங்கி வைப்பார்.'

நான்கு நாள் கழித்து, டென்மார்க்கிலிருந்து சிறப்பு விருந்தினராக வரவிருந்த ஹென்ரிக்கிடமிருந்து பதில் வந்தது. அவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். 'உங்கள் ஊர் வழக்கத்தை முழுமனதோடு மதிக்கிறேன். நான் எவ்வளவு நேரம் உள்ளே படுத்திருக்க வேண்டும்? என் உயரம் ஆறடி நான்கு அங்குலம். ஸ்வெட்டர் அணிய அனுமதி உண்டா?'

காதர் சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சண்முகவேல் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியது. "மனுசன் ஒத்துக்கிட்டாரேவே! என்ன மனசு பாருமேன்!" என்றவர், சற்று யோசித்து, "பெட்டி ஆறடி ரெண்டு அங்குலந்தான். காலை மடக்கச் சொல்லணும்" என்றார்.

அன்றே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டே நிமிடத்தில் 'நன்றி' என்ற ஒரு சொல்லோடு பதில் வந்தது. அவ்வளவு வேகமான பதில் அந்தக் கிளையிலிருந்து எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

இந்தத் தவற்றைத் திருத்திய பெருமிதத்தில் இன்னொரு தவற்றைச் செய்தேன். சங்க ஆண்டு ஜூனோடு முடிவதால் அறிக்கைகளைத் தலைமையகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நாட்களில் அந்தத் தளம் நெரிசலில் மூச்சு விடாது. அதனால் வியாழக்கிழமையே ஞாயிற்றுக்கிழமை விழாவின் அறிக்கையை எழுதி ஏற்றிவிட்டேன். 'காலை 11.05க்குத் திரு. ஹென்ரிக் பலத்த கரவொலிக்கிடையே ரிப்பனை வெட்டினார்.' கரவொலியை நானே பலத்ததாக்கினேன். பழைய கல்வெட்டுகளை வாசிப்பது என் பொழுதுபோக்கு. போரில் தோற்ற மன்னனும் வென்றதாக வெட்டி வைத்திருப்பதைப் பார்த்து எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். அவர்களாவது போர் முடியும்வரை காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பது. ஹென்ரிக் கொல்லம் வழியாக முற்பகலில் செங்கோட்டைக்கு வருகிறார். அவரை அழைத்துவர நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் செல்வி வந்து நின்றாள். வடகரைப் பெண், நம் தையல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள்.

"அண்ணாச்சி, அம்மா போயிட்டா. விடியக்காலம் நாலரைக்கு."

நேரத்தைச் சொன்னால்தான் எனக்கு ஏறும் என்று நினைத்தாளோ என்னவோ.

"தம்பி முருகையா வடகிழக்கு எல்லையில மலைமேல இருக்கான். இறங்கி வரவே ஒரு நாள் ஆவுமாம். ஞாயித்துக்கெழமை காலையிலதான் வந்து சேருவான். தென்காசில வாடகைப் பெட்டி ரெண்டும் வெளிய போயிருக்கு. மாமா, இன்னைக்குச் சாயங்காலமே எடுத்துரணும்னு நிக்குதாரு. அப்பா செத்தப்பவும் அவன் வந்து சாம்பலத்தான் பாத்தான், அண்ணாச்சி. அம்மா மொகத்தையாவது அவன் பாக்கணும்."

நான் முதலில் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலண்டரைப் பார்த்தேன். வெள்ளி. விழா ஞாயிறு. பித்தளைத் தகட்டில் ஞாயிற்றுக்கிழமை தேதி. அறிக்கையில் 11.05.

இரண்டாவதாகச் செய்தது அதைவிட மோசம். "இரும்மா, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று மாவட்டப் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். அவர் தூக்கக் கலக்கத்தில் பேசினார்.

"சார், திறந்து வைக்காத திட்டம் இன்னும் திட்டமே கிடையாது. இல்லாத திட்டத்தைப் பயன்படுத்த நான் எப்படி அனுமதி கொடுக்கது? ஒரு மெயில் போடுங்க. திங்கக்கெழம பாப்போம்."

செல்வி கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். போனை வைத்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் அனுமதி கேட்கவில்லை. 'முடியாது' என்ற சொல் என் வாயிலிருந்து வராமல் வேறொருவர் வாயிலிருந்து வரட்டும் என்று பார்த்தேன். நீங்களும் இதைச் செய்வீர்கள். மேலிடத்துக்குப் போன் போடக் கை போகும்போது, எதற்காகப் போகிறது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

"நீ வீட்டுக்குப் போம்மா. பெட்டி வருது" என்றேன்.

சொல்வது எளிது. பெட்டி சண்முகவேலின் கிட்டங்கியில் சிவப்புச் சாட்டின் ரிப்பன் சுற்றி, மேலே பூ மாதிரி முடிச்சுப் போட்டுப் பெண் பார்க்க வருபவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. காதர் தன் லோடு வண்டியோடு வந்துவிட்டார். சண்முகவேல் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ரிப்பன் வெட்டாம பெட்டி வெளிய போவாதுவே. முதல்ல ஒரு பொணத்த வச்சு எடுத்துட்டு, அதுக்கப்புறம் வெள்ளக்காரரக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுவீரா?"

"பொணம் வைக்கத்தான அண்ணாச்சி வாங்குனோம்?" என்றார் காதர். "நெல்லு அவிக்கவா வாங்குனோம்?"

"நீரு சும்மா இரும். ஒங்க பக்கம் இது தேவைப்படாது. செத்த அன்னைக்கே அடக்கம் பண்ணிருவீங்க."

"தேவைப்படாதுதான். ஆனா வண்டி என்னுது. எடுத்துட்டுப் போவப்போறேன். நீரு வாரீரா, இல்ல கதவுக்குக் காவல் நிக்கீரா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதும் முழு முடிவு எடுக்கவில்லை, அரை முடிவுதான் எடுத்தேன். ரிப்பனை வெட்டவில்லை. முடிச்சை அவிழ்த்து, சுருக்கம் விழாமல் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கட்டிக்கொள்ளலாம். தகட்டின்மேல் செய்தித்தாளை ஒட்டினேன். இப்படிச் செய்தால் பெட்டி வெளியே போகும், ஆனால் கணக்குப்படி போகவில்லை. தலைவர் பதவியில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட யோசனைகள் தாமாகவே வரும்.

சண்முகவேலும் வண்டியில் ஏறிக்கொண்டார். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளத்தானாம்.

ஒன்பது இருபதுக்கு வடகரை. செல்வியின் தாயார் பேச்சியம்மாளைப் பெட்டிக்குள் வைக்கத் தூக்கியபோது, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கிழிசல் துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. நாலு பேர் உடலைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். "கட்டுததுக்கு ஏதாவது தாங்களேன், சட்டுனு!" என்றாள் செல்வி. பெண்கள் அங்கும் இங்கும் தேடினார்கள். என் கை சட்டைப் பைக்குப் போனது.

சண்முகவேல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "வே, அது விழா ரிப்பன்!" என்று காதோடு சொன்னார்.

கொடுத்துவிட்டேன். செல்வி வாங்கி, தையல்காரப் பழக்கத்தில் அழகாகப் பூ முடிச்சே போட்டாள். அந்த நிமிடம்தான் என் அரை முடிவு முழு முடிவானது. அதை நான் எடுக்கவில்லை, ஒரு கிழிசல் துணி எடுத்தது. ஆனாலும் மனம் லேசாகிவிட்டது.

அங்கிருந்து நேரே செங்கோட்டை ரயில் நிலையம். நேரமில்லாததால் அதே லோடு வண்டி. ஹென்ரிக்கை முன்னால் உட்கார வைத்தோம். அவருடைய முழங்கால் காதரின் கியர் கம்பியை இடித்துக்கொண்டே வந்தது. விழாக் குழுத் தலைவர் பின்னால், பெட்டி இருந்த இடத்தில், காற்றில் பறக்கும் மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

குற்றாலத்தில் விடுதி போய்ச் சேர்வதற்குள் ஹென்ரிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நீண்ட மூச்சு விட்டார்.

"அப்படியானால் முதல் ஆள் நான் இல்லை. உங்கள் மன்னிப்புக் கடிதத்தை நான் முழுவதும் நம்பவில்லை. ஐந்து நிமிடம் படுக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் இரண்டு போதும் என்றாள்."

சனிக்கிழமை அருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டும்போது, "அந்த வீட்டுக்கு நான் போகலாமா?" என்று அவரே கேட்டார். போனோம்.

பந்தலுக்குள் நுழைந்ததும் செல்வியின் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். பெட்டி வியர்த்ததில், நான் ஒட்டிய செய்தித்தாள் நனைந்து விழுந்திருந்தது. தகடு பளபளவென்று தெரிந்தது. ஹென்ரிக், டென்மார்க். கீழே ஞாயிற்றுக்கிழமை தேதி, அதற்கும் கீழே பொடி எழுத்தில் என் பெயர்.

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு இந்த வெள்ளக்காரருக்கு புக் ஆயிருக்கோ? நம்மளால அவரு வீட்டுக்காரங்களுக்கு எடஞ்சல் வந்துரக்கூடாது. தள்ளிவைக்க முடியுமான்னு அவங்க கிட்டக் கேளுங்க."

நான் பதில் சொல்வதற்குள் ஹென்ரிக் குனிந்து பந்தலுக்குள் வந்து, கைகூப்பி, தன் பெயரைச் சொன்னார்.

மாமா தகட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி தகட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு தெடமா இருக்காரே!" என்றார்.

துக்க வீடு. சிரிக்கக்கூடாது. காதர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். தோள் குலுங்கியதைப் பார்த்து, துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். மாமா ஹென்ரிக்கை உட்கார வைத்து, நாங்கள் கிளம்பும்வரை தானே விசிறிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து பதினைந்து. மண்டபத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மேடை தயார், மணி தயார், பெட்டிதான் இல்லை. செல்வி போன் செய்தாள். முருகையா திருவனந்தபுரத்தில் இறங்கிவிட்டான், ஆனால் மலைப்பாதையில் மழையில் கார் நிற்கிறது.

சண்முகவேல் என்னிடம் வந்தார். "ஒரே ஒரு மணி நேரம்வே. பெட்டியக் கொண்டாந்து, வேற ரிப்பன் கட்டி, வெட்டிட்டு, திருப்பிக் கொண்டுவிட்டுருவோம். அவன் வாரதுக்குள்ள அங்கன இருக்கும்."

"அந்த ஒரு மணி நேரம் அந்தம்மா எங்க இருப்பாங்க?" என்றேன்.

அவர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று வாரம் அவர் ஒருவராக நின்று செய்த ஏற்பாடு அது.

"சாப்பாடு தயாராயிட்டு. வந்தவங்களுக்கு எலையப் போடச் சொல்லிருவோம். விழா இல்லன்னு நானே சொல்லுதேன். நீரு சொன்னா தேதி, நேரம்னு இழுப்பீரு." மேடை ஏறி நாலே வரியில் சொல்லிவிட்டு இறங்கினார். அவர் வாழ்க்கையில் ஆற்றிய மிகச் சிறந்த உரை அது. நான் குறிப்பெடுக்கவில்லை.

நாங்கள் ஹென்ரிக்கோடு வடகரைக்குப் போய்விட்டோம். பதினொன்று முப்பத்து நான்குக்குக் கார் வந்து நின்றது. முருகையா பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளே ஓடினான். பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. உள்ளங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். மூடியைத் திறந்தார்கள். அவன் அம்மாவின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "யக்கா, அப்பிடியே இருக்காக்கா" என்று செல்வியிடம் சொன்னான். அதையே இரண்டு மூன்று முறை சொன்னான்.

குளிப்பாட்டுவதற்காகக் கால்கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். அவன் சிவப்பு ரிப்பனைப் பார்த்து நிமிர்ந்தான்.

"இது எங்கன உள்ளது?"

"அண்ணாச்சி தந்தாங்க" என்றாள் செல்வி.

அவன் பூ முடிச்சின் ஒரு நுனியை மெல்ல இழுத்தான். அவிழ்ந்தது. என் கைக்கடிகாரத்தில் 11.40. அறிக்கையில் எழுதியதைவிட முப்பத்தைந்து நிமிடம் தாமதம். கரவொலி இல்லை. பக்கத்தில் சண்முகவேல் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. ஹென்ரிக், தான் மடித்து வைத்திருந்த உரைத்தாளை இன்னும் சிறிதாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை அறிக்கையைத் திருத்தப் போனேன். ஆண்டுக் கணக்கை முடித்துத் தளத்தை மூடிவிட்டார்கள். ஆகவே உலகத் தலைமையகத்தில் இருக்கும் பதிவின்படி ஹென்ரிக் 11.05க்கு ரிப்பன் வெட்டி, அருமையான உரையும் ஆற்றியிருக்கிறார். அதை ஆங்கில இதழில் படித்துவிட்டு அவர் எனக்கு எழுதினார்: 'நான் நன்றாகப் பேசியிருக்கிறேன்.'

தகட்டையும் மாற்றவில்லை. அதனால் ஒரு விளைவு. பெட்டி போகும் வீடுகளில் தகட்டைப் படிப்பவர்கள், ஹென்ரிக் அந்தத் தேதியில் இறந்தவர், அவர் நினைவாகத்தான் பெட்டி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில வீடுகளில் அவருக்கும் சேர்த்து ஒரு பத்தி கொளுத்தி வைக்கிறார்கள். "பாவம், எந்த ஊருலயோ பொறந்து..." என்று ஆரம்பிப்பார்கள். நான் முதலில் திருத்திக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். விஷயம் தெரிந்து ஹென்ரிக் எழுதினார்: 'தயவுசெய்து தடுக்காதீர்கள். இங்கே எனக்காக யாரும் எதுவும் கொளுத்துவதில்லை. நான் நலமாக இருக்கிறேன்.'

முருகையா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். இந்த ஜூலையில் சின்னம் குத்திக்கொண்ட உங்கள் ஒன்பது பேரில் அவரும் ஒருவர். பெட்டியின் சாவியை அவரிடம் கொடுத்திருக்கிறோம். யார் வந்து கேட்டாலும் முதலில் பெட்டியை அனுப்பிவிடுகிறார். அனுப்பிய பிறகு எனக்குப் போன் செய்வார்.

"அண்ணாச்சி, பெட்டி போயிட்டு. நேரத்தக் குறிச்சுக்கிடுங்க" என்பார்.

குறித்துக்கொள்கிறேன்.